மூணு டிஸ்க் வச்சுப் பாருங்க, அப்புறம் 'சூடோமோனாஸ்'னு எழுதுங்க

வணக்கம். இன்னைக்கு கோவமாதான் ஆரம்பிக்கறேன். பார்வையாளர் ஒருத்தர் ஒரு ரிப்போர்ட் அனுப்பியிருக்கார். சர்க்கரை நோயாளி, கல்லீரல்ல சீழ்க்கட்டி, அதுவும் மழைக்காலம். ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற பிளட் கல்ச்சர்ல 'சூடோமோனாஸ் ஸ்பீஷீஸ்'னு போட்டிருக்கு. அதுக்குக் கீழயே எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு மடியும்னு: ஜென்டமைசின் ரெசிஸ்டன்ட் (மடியல), கோலிஸ்டின் ரெசிஸ்டன்ட், அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் (கோ-அமாக்ஸிகிளாவ்) சென்சிடிவ் (மடியுது). ஏங்க, கண்ணு முன்னாடியே இருக்கே! சூடோமோனாஸ் ஏருஜினோசான்னா பெரும்பாலும் இதுக்கு நேர் தலைகீழா வரும். இது மெலியாய்டோசிஸ்ங்கற நோய், கிருமி பேரு பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை. குதிரைக்கு வர்ற கிளான்டர்ஸ் நோயோட கிருமிக்கு அண்ணன் தம்பி.

ஆக்ஸிடேஸ் பாசிடிவ், கிராம் நெகடிவ், சேஃப்டி பின் மாதிரி ரெண்டு முனையும் கருத்த குச்சி வடிவக் கிருமி, இதப் பார்த்தா உடனே மூணு ஆன்டிபயாட்டிக் டிஸ்க் போடுங்க: ஜென்டமைசின் 10, கோலிஸ்டின் 10, கோ-அமாக்ஸிகிளாவ் 30 மைக்ரோகிராம். முதல் ரெண்டைச் சுத்தி வளர்ச்சி டிஸ்க்கை ஒட்டியே நிக்கும், மூணாவதைச் சுத்தி அகலமா வெறும் இடம். ஒரு டீ காசு! கிருமிய அடையாளம் காட்டற மெஷின் இத பி.செபேசியான்னு சொல்லும், மால்டி-டாஃப்ங்கற மெஷினோட டேட்டாபேஸ் பழசா இருந்தா தாய்லாண்டென்சிஸ்னு சொல்லும், ரெண்டும் இதோட சொந்தக்காரக் கிருமிங்க. மெஷின் சொன்னத அப்படியே டைப் பண்றது எனக்குச் சுத்தமா பிடிக்காது.

அடுத்து கிருமி வளர்க்கற பிளேட்ட 48 மணி நேரத்துல தூக்கிப் போடுறது. தயவுசெஞ்சு வேண்டாம். முதல் நாள் பிளட் அகார்ல (ரத்தம் கலந்த வளர்ப்பு ஜெல்லி) சின்னதா, வழவழன்னு, எந்த விசேஷமும் இல்லாம இருக்கும். அந்த உலர்ந்த, சுருக்கம் விழுந்த முகம் மூணாம் நாளுக்கு மேலதான் வரும். இந்தக் கிருமிய பிரிச்செடுக்கவே இருக்கற ஆஷ்டவுன் அகார்ல ஊதா நிறத்துல, பூ மாதிரி மடிப்பு மடிப்பா. ஒரு வாரம் வைங்க.

ஆஷ்டவுன் நீங்களே காய்ச்சலாம்: லிட்டருக்கு கிளிசரால் 40 மில்லி, கிரிஸ்டல் வயலட் 5 மில்லிகிராம், நியூட்ரல் ரெட் 50 மில்லிகிராம். ஆட்டோகிளேவ் முடிஞ்சு 50 டிகிரிக்கு இறங்கினதும் ஜென்டமைசின் 4 மில்லிகிராம். அடடா, அடிப்படைய சொல்லாம விட்டேன், டிரிப்டிக் சோய் அகார், அதுலதான் இதெல்லாம் கலக்கணும்.

ரத்தம் மட்டும் அனுப்பாதீங்க. தொண்டை ஸ்வாப், சளி, சீழ், சென்ட்ரிஃப்யூஜ் பண்ணின சிறுநீர் எல்லாம் போகணும். ஒரு கல்ச்சர் நெகடிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல.

ஒரு விஷயம், மேல சொல்லியிருக்கணும்: மூடியத் திறந்து மோந்து பாக்காதீங்க! சந்தேகம் வந்த நிமிஷமே பிளேட்ட டேப் ஒட்டி, கிளாஸ் 2 கேபினெட்டுக்குள்ள கொண்டு போங்க. இன்னொண்ணு, மலேசியாவோட சரவாக் பக்கம் ஜென்டமைசினுக்கு மடியற ஸ்ட்ரெய்ன்ஸ் உண்டு. அது ஆஷ்டவுன்ல முளைக்காது. கிளான்டர்ஸ் கிருமி மாலியையும் பொதுவா அப்படித்தான், கூடவே அது நகராது. 1912ல ரங்கூன் கேஸ்களப் பத்தி எழுதின விட்மோரும் கிருஷ்ணசாமியும் மெலியாய்டோசிஸ் கிருமிய கிளான்டர்ஸ்ல இருந்து பிரிச்சதுக்கு, இது நகரும்ங்கறதும் ஒரு காரணம்.

கிருமி பேரு தப்பா போனா என்ன நடக்கும்? இதுக்குச் சரியா வேலை செய்யாத செஃப்டிரையாக்சோன்ல நாள் கடத்துவாங்க. வேண்டியது செஃப்டாசிடைம் இல்ல மெரோபெனம், குறைஞ்சது 10 முதல் 14 நாள். அப்புறம் கோ-டிரைமாக்சசோல் 3 மாசம். அந்த ரிப்போர்ட்ட அனுப்பினவர், இன்னைக்கே டாக்டருக்கு ஃபோன் போடுங்க, பிளேட்ட இன்னும் வச்சிருக்காங்களான்னும் லேப்ல கேளுங்க.