சாலிட்டேர்: தனிமையும் தனித்தன்மையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். கணினித் திரையில் சீட்டுகளை அடுக்குபவர் தம் விளையாட்டைச் சாலிட்டேர் என்கிறார். ஒற்றை வைரம் பதித்த மோதிரத்தைக் காட்டும் நகை வணிகரும் அதையே சாலிட்டேர் என்கிறார். இவ்விரண்டுக்கும் என்ன உறவு?

லத்தீன் மொழியில் ‘சோலுஸ்’ என்றால் தனித்த என்று பொருள். அதிலிருந்து பிறந்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. அங்கே உலகை விட்டு ஒதுங்கி வாழ்பவரையும் குறித்தது, பொருள்களுக்கும் பெயராயிற்று. தமிழில் ‘தனி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்: தனிமை என்றால் மனம் கனக்கிறது, தனிச்சிறப்பு என்றால் தலை நிமிர்கிறது. வைரத்துக்குப் பொருந்துவது இரண்டாவது பொருள்தான். பல கற்கள் சேர்ந்த நகையில் ஒன்றின் மங்கலை மற்றொன்றின் ஒளி மறைத்துவிடும். ஒற்றைக்கல்லுக்கோ அந்தத் துணை இல்லாததால், அதன் வெட்டும் தெளிவும் நேராகக் கண்ணில் படுகின்றன.

விளையாட்டுக்கு வருவோம். சீட்டுக்கு முன்பே, பலகை விளையாட்டு ஒன்று இப்பெயரைத் தாங்கியிருந்தது. 1697-ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் செதுக்கோவியம் ஒன்றில் அதைக் காணலாம். ஆங்கில வகைப் பலகையில் 33 குழிகள், அவற்றில் செருகும் 32 சிறு முளைகள். நடுக்குழி மட்டும் காலி. ஒரு முளை அடுத்ததைத் தாண்டி வெற்றுக்குழியில் இறங்க, தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். 31 தாண்டல்களுக்குப் பின் எஞ்சும் ஒற்றை முளை நடுக்குழியில் வந்து நின்றால்தான் முழு வெற்றி. எண்ணிக்கை குறையக் குறைய, தவறான ஒரே தாண்டலால் இரு முளைகள் ஒன்றையொன்று எட்டமுடியாத மூலைகளில் சிக்கிக்கொள்ளும். தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் இந்த ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடி, வெற்றுப் பலகையை முளைகளால் நிரப்பிப் பார்த்தவர். சீட்டாட்டத்துக்கு இப்பெயர் பின்னர்தான் ஒட்டியது; பிரிட்டனில் அதற்குப் பொறுமை என்று பொருள்படும் ‘பேஷன்ஸ்’ என்பதே வழக்கு. 1990-இல் விண்டோஸ் 3.0 கணினிகளோடு சேர்ந்து வந்ததால்தான் அது எல்லார்க்கும் அறிமுகமாயிற்று.

என் மனத்தை மிகவும் தொடுவது ஒரு பறவை. இந்தியப் பெருங்கடலின் ரொட்ரிக்ஸ் தீவில் 1691 முதல் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பிரெஞ்சுப் பயணி பிரான்சுவா லெகுவா, பறக்க இயலாத பெரும்பறவை ஒன்றைக் கண்டார். ஏராளமாக இருந்தும் கூட்டமாகத் திரியாததால் அதற்குச் சாலிட்டேர் என்று பெயர். ஆனால், அதன் ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இனமே அழிந்துபோயிற்று. ‘பெசோஃபாப்ஸ் சாலிட்டேரியா’ என்னும் அறிவியல் பெயரில், இணையோடு வாழ்ந்த அப்பறவை இன்றும் தனித்ததாகவே குறிக்கப்படுகிறது.