முதல் டிராக் டேக்கு முன்: வண்டியில் எங்கே சூடு ஏறுகிறது?

[காட்சி: கொழும்பு, வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாகனத் தரிப்பிடம். கைபேசி வெளிச்சத்தில் முன் பிரேக்கின் ஒயில் கிண்ணம் அருகிலிருந்து காட்டப்படுகிறது.]

குரல்:

வணக்கம். இந்தச் சிறிய கிண்ணத்துக்குள் இருக்கும் திரவத்தின் நிறத்தை முதலில் பாருங்கள். புதிதாக ஊற்றிய பிரேக் ஒயில் ஏறக்குறைய நிறமற்ற, மிக வெளிறிய மஞ்சளாக இருக்கும். இதுவோ சாயம் கூடிப்போன பிளேன்டீயைப் போல இருக்கிறது. இந்த மோட்டார் சைக்கிள் என் நண்பருடையது. அவர் இதில் தினமும் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறார்; இன்றுவரை பிரேக்கில் ஒரு குறையையும் கண்டதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே வண்டியில் தம்முடைய முதல் டிராக் டேக்குப் போகவிருக்கிறார்.

டிராக் டே என்பது பந்தயம் அன்று. மூடப்பட்ட ஓடுதளம் ஒன்றில், அனுபவத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு தடவைக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் வரை உங்கள் சொந்த வண்டியை ஓட்டிப் பழகும் நாள் அது. பரிசும் இல்லை, முந்தியவர் பட்டியலும் இல்லை. ஆனாலும் முதன்முறையாகப் போகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் கேட்பது, சைலன்சரை மாற்ற வேண்டுமா, எயார் பில்டரை மாற்றினால் வேகம் கூடுமா என்பதைத்தான். இரண்டும் தேவையில்லை. வீதிக்கும் ஓடுதளத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகத்தில் மட்டும் இல்லை. ஏறிய சூடு ஆறுவதற்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது.

[காட்சி: கரும்பலகையில் எளிய கணக்கு. பக்கத்தில் இரண்டு கோப்பைகள்.]

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 120 கிலோமீற்றரிலிருந்து 60க்கு வேகத்தைக் குறைக்கும்போது, அந்த வண்டி இழக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 104 கிலோஜூல் ஆகும். அதன் பெரும்பகுதி பிரேக் தட்டுகளுக்கும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் பாட்களுக்கும் வெப்பமாகப் போய்ச் சேர்கிறது. 30 பாகை செல்சியஸில் இருக்கும் தண்ணீரை இரண்டு கோப்பை பிளேன்டீக்குக் கொதிக்க வைக்க அந்த ஆற்றல் போதும். கொழும்பிலிருந்து கரையோரமாகப் போகும் காலி வீதியில் அப்படி ஒரு பிரேக்கை நாளுக்கு ஒரு தடவை போட்டாலே அதிகம். ஓடுதளத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று இடங்களில், இருபது நிமிடங்கள் தொடர்ந்து அதையே செய்கிறீர்கள்.

இங்கேதான் அந்தப் பிளேன்டீ நிறம் முக்கியமாகிறது. டொட் 4 வகை பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதியதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸாக இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. ஈரம் உறிஞ்சிய நிலைக்கு அதே தரநிலை கேட்பது 155 பாகை மட்டுமே. கடற்கரையை அண்டிய கொழும்பின் ஈரப்பதத்தில் இரண்டு மூன்று வருடங்கள் மாற்றாமல் விட்ட ஒயில் எந்த எண்ணுக்கு அருகில் இருக்கும் என்று உங்களுக்கே புரியும். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே நீங்கள் லீவரை இழுக்கும்போது அது பிரேக்கை அழுத்தாமல் குமிழ்களை அழுத்திக்கொண்டே பிடிவரை வந்துவிடும்.

என்னுடைய முதல் நாளில் இது எனக்கே நடந்தது. இரண்டாவது தடவையின் பாதியில் லீவர் பஞ்சைப் போல மென்மையானது. அடுத்த வளைவில் அது விரலோடு வந்து பிடியைத் தொட்டது. அகலமான புல்வெளி இருந்ததால் நேராகப் போய் நின்றேன். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் முழு சேர்விஸ் முடித்து, பணமும் கட்டியிருந்தேன். பட்டியலில் பிரேக் ஒயில் இருக்கவில்லை என்பதை நான் வாசிக்கவில்லை.

எனவே மற்றதெல்லாம் பிறகு. பிரேக் ஒயிலைப் புதிதாக மாற்றி, காற்றை முழுமையாக வெளியேற்றுங்கள். டொட் 5.1 கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கன் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்குவதென்றால், முத்திரை உடைக்கப்படாத சிறிய போத்தலாகக் கேளுங்கள். திறந்து வைத்த பெரிய போத்தலிலிருந்து ஊற்றித் தருவது ஏற்கெனவே ஈரம் குடித்ததாக இருக்கலாம்.

[காட்சி: முன் கலிப்பர் கழற்றப்படுகிறது. ஊசிகளில் துரு.]

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பாட்களைத் தட்டின் மேல் அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கான ஊசிகளில் உப்பு படிந்து துருவேறினால், ஒரு பாட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கூட முடியாமல் நின்றுவிட்டால் ஊசிகளைத் துப்புரவாக்கி, வெப்பம் தாங்கும் கிறீஸ் பூச வேண்டும். பாட்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டே போங்கள்.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 3518 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், நம் வீதிகளில் பழைய வண்டிகள் அதிகம். பூ தேயாமல் பளபளப்பாக இருக்கும் டயரே சிலவேளை ஏழு வயதானதாக இருக்கும். இறுகிப்போன இறப்பர் வீதியில் உங்களை ஏமாற்றாமல் இருந்திருக்கலாம். சாய்ந்து திரும்பும் வளைவில் அது பிடிக்காது.

காற்றழுத்தம் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பெரிய வண்டிகளுக்கானது. முன்னுக்கு 36, பின்னுக்கு 42 பீ.எஸ்.ஐ. வைக்கும் அகலமான ரேடியல் டயர்களில், ஓடுதளத்தில் சூடேறி அழுத்தம் கூடுவதை ஈடுகட்ட, முன்கூட்டியே 30 சொச்சத்துக்குக் குறைப்பார்கள். டயர் நிறுவனம் தரும் எண்ணே அங்கு இறுதியானது. உங்களுடையது 150 அல்லது 200 சீசீ வண்டியாக இருந்து, கையேடு ஏற்கெனவே 25 முதல் 30 வரை சொல்லியிருந்தால், அதற்குக் கீழே போகாதீர்கள். நான் பார்த்த அளவில், சிறிய வண்டிக்காரர்கள் அதிகமாகச் செய்யும் பிழை இதுதான். சொந்த அளவுமானி ஒன்றைக் கொண்டு போங்கள். பெற்றோல் நிலையத்து மானிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

செயின் தொய்வு, கைப்பிடி போல்ட்கள், ஒயில் கசிவு, விட்டவுடன் தானாக மூடிக்கொள்ளும் திரொட்டில் ஆகியவற்றை எந்த நல்ல மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் பார்த்துவிடுவார். ரேடியேட்டர் உள்ள வண்டியானால் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் கிளைக்கோல் கலந்த கூலன்ட்டை வெளியேற்றிவிட்டு காய்ச்சி வடித்த நீரை நிரப்பச் சொல்வார்கள், ஏனெனில் தரையில் சிந்தும் கிளைக்கோல் வழுக்கும், எளிதில் காயாது. விளக்குகளுக்கும் கண்ணாடிகளுக்கும் மேல் டேப் ஒட்டுவது இரண்டு காரணங்களுக்காக: உடைந்தால் சிதறாமல் இருக்க, பின்னால் யார் வருகிறார் என்று நீங்கள் பார்க்காமல் இருக்க.

[காட்சி: தலைக்கவசம், தோல் உடை, கையுறை, காலணி ஒரு மேசையில்.]

இனி உங்கள் உடம்பு. தலைக்கவசம் முழு முகத்தையும் மூட வேண்டும், ஈ.சீ.ஈ. 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருந்தால் நல்லது. ஒரு தடவை தரையில் பலமாக மோதிய தலைக்கவசம் எவ்வளவு புதியதாகத் தெரிந்தாலும் அதை விட்டுவிடுங்கள். தோல் உடை ஒரே துண்டாகவோ, இடுப்பைச் சுற்றி முழுமையாக ஸிப்பால் இணையும் இரண்டு துண்டாகவோ இருக்க வேண்டும். காலணி கணுக்காலுக்கு மேலும், கையுறை மணிக்கட்டுக்கு மேலும் ஏற வேண்டும். இவற்றைப் புதிதாக வாங்குவது பலருக்கு வண்டியின் விலையில் பாதியை நெருங்கும் என்பதை நான் அறிவேன். வாடகைக்குக் கிடைக்குமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்தத் தோல் உடையை 31 பாகை வெயிலில் அணிந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். வண்டியின் ஒயிலைப் போலவே நீங்களும் சூடாகிறீர்கள், உங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. முந்தைய நாள் இரவு நன்றாகத் தூங்குங்கள். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர், தம்பிலி, ஜீவனி கரைசல் என்று சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஒவ்வொரு தடவை முடிந்ததும் உடையை இடுப்புவரை கழற்றி நிழலில் உட்காருங்கள். கடைசித் தடவையில் கவனம் சிதறுவதாக உணர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். கட்டிய பணத்துக்காக ஓடப் போகாதீர்கள்.

ஓடுதளத்தில் கொடிகள்தான் மொழி. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் தடவை நிறுத்தப்பட்டது. திடீரென்று பிரேக் போடாமல் வேகத்தைக் குறைத்து, வண்டிகள் நிற்கும் பிட் பகுதிக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் வழுக்கும் தரையைக் குறிக்கும். கறுப்புக் கொடியை உங்களை நோக்கிக் காட்டினால் வெளியே வாருங்கள், வண்டியில் ஏதோ கசியலாம். பின்னால் வேகமானவர் வந்தால் வழிவிட ஒதுங்காதீர்கள். உங்கள் கோட்டிலேயே போங்கள். பாதுகாப்பாக முந்துவது அவருடைய பொறுப்பு. முதல் இரண்டு சுற்றுகளை டயர் சூடேறுவதற்கும், வளைவின் உள்விளிம்பைக் கண் தேடிப் பழகுவதற்கும் ஒதுக்குங்கள்.

[காட்சி: சிறிய லொறியின் பின்புறம். நான்கு பட்டிகளால் கட்டப்பட்ட வண்டி.]

போய்ச் சேர்வதும் ஒரு வேலைதான். கட்டுகுருந்த, பன்னல போன்ற பந்தயங்கள் நடந்துவந்த இடங்கள் கொழும்புக்கு வெளியே உள்ளன. கட்டுகுருந்தவில் இருப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய விமான ஓடுதளம். அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் களுத்துறைப் பக்கம் போகிறவர்கள் காலி வீதியாலேயே போக வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பட்டா லொறியை வாடகைக்கு எடுப்பதே என் விருப்பம், ஏனெனில் வண்டி விழுந்தால் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வர முடியாது. காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரு தடவை வாசியுங்கள். பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்ட பிரிவில்தான் எழுதப்பட்டிருக்கும்.

லொறி கிடைக்காமல் ஓட்டிக்கொண்டே திரும்புகிறவர்கள், புறப்படும் முன் நிழலில் அரை மணி நேரமாவது இருங்கள். டயர் ஆறட்டும். காற்றழுத்தத்தை மீண்டும் வீதி அளவுக்கு ஏற்றி, விளக்குகளின் டேப்பைக் கிழித்து, கண்ணாடிகளைத் திறந்துவிடுங்கள். பாணந்துறையைத் தாண்டியதும் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க அவை தேவைப்படும்.