யுனைடெட்டுக்கு அப்பால்: 1974–75 இரண்டாம் டிவிஷன்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் 1974–75 பருவத்து இரண்டாம் டிவிஷனை, அதாவது முதல் டிவிஷனுக்கு அடுத்த அடுக்கை, பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட்டில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்த டிவிஷன் முழுவதற்கும் உரிய பெருமை இதனால் மறைந்துபோகிறது என்பது என் ஆதங்கம்.

1968இல் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற யுனைடெட், ஆறே ஆண்டுகளில் முதல் டிவிஷனில் 21ஆம் இடத்துக்குச் சரிந்து கீழிறக்கப்பட்டது. மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய டெனிஸ் லா, தம் பழைய அணிக்கு எதிராகக் குதிகாலால் தட்டிவிட்ட கோல்தான் அதற்குக் காரணம் என்று இன்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அன்றைய மற்ற ஆட்டங்களின் முடிவுகளைப் பார்த்தால், அந்தக் கோல் விழாதிருந்தாலும் யுனைடெட் தப்பியிருக்காது. ரசிகர்களோ அணியைக் கைவிடவில்லை. நவம்பர் 30 அன்று சண்டர்லாந்துடன் நடந்த ஆட்டத்தைக் காண யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் 60,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் மட்டுமே கிடைத்த அக்காலத்தில், மேலாளர் டாமி டாகெர்ட்டியின் யுனைடெட் அணி 61 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று மேலேறியது. ஆஸ்டன் வில்லாவும் நார்விச் சிட்டியும் உடன் சென்றன.

அந்த இரண்டு அணிகளும்தான் 1975 மார்ச் 1 அன்று வெம்பிளியில் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மோதின. முதல் டிவிஷன் அணி ஒன்றுகூட இல்லாத இறுதியாட்டம் அது. அரையிறுதியில் யுனைடெட்டையே வீழ்த்திவிட்டு வந்திருந்தது நார்விச். கல்கத்தாவில் பிறந்த நார்விச் கோல்கீப்பர் கெவின் கீலன், வில்லாவின் ரே கிரேடன் அடித்த பெனால்டியைப் பாய்ந்து கம்பத்தில் படும்படி தட்டிவிட்டார். திரும்பி வந்த பந்தை கிரேடனே வலைக்குள் செலுத்த, வில்லா 1–0 என்று வென்றது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இதே இறுதியாட்டத்தில், முதலில் நார்விச்சின் மேலாளராகவும் பிறகு மான்செஸ்டர் சிட்டியின் மேலாளராகவும் தோற்றுத் திரும்பிய ரான் சாண்டர்ஸ், மூன்றாவது அணியான வில்லாவுடன் வந்து கோப்பையைப் பெற்றார். விடாமுயற்சிக்கு இதைவிட நல்ல சான்று அந்தப் பருவத்தில் எனக்குத் தென்படவில்லை.

எஃப்.ஏ. கோப்பையின் இறுதிக்கும் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஃபுல்ஹாம் சென்றது. 1966இல் உலகக் கோப்பையை ஏந்திய பாபி மூர், தாம் பல்லாண்டுகள் ஆடிய வெஸ்ட் ஹாமை எதிர்த்து அன்று ஃபுல்ஹாம் சட்டையில் களமிறங்கினார். வெஸ்ட் ஹாம் 2–0 என்று வென்றது.

துயரமும் உண்டு. ஆகஸ்ட் மாதம் பிளாக்பூலுக்கும் போல்டனுக்கும் நடந்த ஆட்டத்தின்போது இளம் ரசிகர் ஒருவர் மைதானத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதைச் சொல்லாமல் இந்தப் பருவத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

நான்கு முறை லீக் பட்டம் வென்ற ஷெஃபீல்டு வென்ஸ்டே, கடைசி இடம் பிடித்து முதன்முறையாக மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. நடுவில் தடுமாறிக்கொண்டிருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு 1975 ஜனவரியில் பிரையன் கிளஃப் மேலாளராக வந்தார். அணி 16ஆம் இடத்தில்தான் முடித்தது. அதே ஃபாரஸ்ட் 1979இலும் 1980இலும், வில்லா 1982இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றன.