பட்டறையில் விபத்து நடந்தால் பணம் யார் கட்டுவது?

வணக்கம். ஐந்தாறு பேரை வைத்து லேத் பட்டறையோ வெல்டிங் கடையோ நடத்துகிறீர்களா? இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு வந்துவிடும், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு விபத்துப் பணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆள் குறைவான பட்டறையில் அப்படி இல்லை. வேலையில் ஒருவர் இறந்தாலோ கை போனாலோ இழப்பீடு முழுக்க முதலாளி தலையில்தான். 1923-லிருந்து இதுதான் சட்டம். 2025 நவம்பரில் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தப் பொறுப்பு போகவில்லை.

[திரையில்: 7,500 × 207.98 = 15,59,850]

இறந்தவருக்கு வயது 30, சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி 7,500. அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் எண் 207.98. பெருக்கினால் பதினைந்தரை லட்சத்துக்கும் மேல்! ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தாமதத்துக்குச் சரியான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம்.

"குடித்துவிட்டு மெஷினில் கை வைத்தான், நான் என்ன செய்ய?" என்று சிலர் கேட்பார்கள். சின்னக் காயத்துக்கு அந்த வாதம் எடுபடலாம். உயிரே போயிருந்தால் எடுபடாது.

அப்புறம் இதை நன்றாகக் கேளுங்கள், நிறைய பேர் மாட்டுவது இங்கேதான். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, குடும்பத்தின் கையில் இரண்டு லட்சம் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம்தான் டெபாசிட் செய்ய வேண்டும், நேரில் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. அந்தக் குடும்பம் ஏமாறாமல் இருக்கத்தான் சட்டம் இப்படி வைத்திருக்கிறது, அது நியாயம்தான்.

சரி, இதற்குத்தான் டபிள்யூ.சி. பாலிசி, அதாவது தொழிலாளிக்கு நீங்கள் கட்ட வேண்டிய இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ். ஆனால் பிரீமியத்தைக் குறைக்க எட்டுப் பேரை நாலு என்றும், 15,000 சம்பளத்தை 8,000 என்றும் எழுதிக் கொடுக்காதீர்கள், கிளெய்ம் வரும்போது அதைக் காட்டியே பணத்தைக் குறைப்பார்கள். கான்ட்ராக்டர் அனுப்பும் ஆளுக்கும் நீங்கள் பொறுப்பாக நேரிடும், அவர்களையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அபராதத்தைப் பொதுவாக இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது. அதனால் விபத்து நடந்த அன்றே அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.