நாற்பது முறை எறிந்தவரும் பதினான்கு முறை எறிந்தவரும்

(இளம் வீரர்களுக்கான கூடைப்பந்து முகாமின் நிறைவு நாளில் பேசியது)

அன்புள்ள தம்பி தங்கைகளே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

மூன்று நாட்களாக ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாக ஆடுகிறீர்கள். ஆனால் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. "நீ எத்தனை பாயின்ட்?" ஜெயித்த அணியிலும் அதே கேள்வி, தோற்ற அணியிலும் அதே கேள்வி.

பாயின்ட் கணக்கு என்றால் முதலில் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆடிய வில்ட் சேம்பர்லினைத்தான் சொல்ல வேண்டும். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள். அந்த சீசன் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரி 50.4. அந்த நூறு புள்ளி ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் எப்படி இருந்தன தெரியுமா? அவரிடம் பந்து போகக் கூடாது என்று எதிரணி மற்றவர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. பந்தைச் சீக்கிரம் திரும்ப வாங்க அவருடைய அணியும் ஃபவுல் செய்தது. வெற்றி தோல்வி எப்போதோ முடிவாகிவிட்டிருந்தது. பத்துப் பேரும் ஒரு எண்ணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் லீகின் கோப்பை, பில் ரசல் என்ற வீரர் ஆடிய பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போனது. வழியில் அவர்கள் வில்ட்டின் அணியை ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் வென்றார்கள். சீசனின் மிகச் சிறந்த வீரர் விருதும் ரசலுக்கே. அப்போது அந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் வீரர்கள்தான். எதிரே நின்று அடிபட்டவர்கள், ஐம்பது புள்ளிக்காரரை விட்டுவிட்டு ரசலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ரசல் எந்த சீசனிலும் சராசரியாக 20 புள்ளிகூட எடுத்ததில்லை. 13 சீசன் ஆடினார், 11 முறை சாம்பியன். எதிராளி எறியும் பந்தைத் தட்டுவதில் பலருக்கு ஒரு ஆசை உண்டு. ஓங்கி அறைந்து பார்வையாளர் வரிசைக்கு அனுப்ப வேண்டும், கூட்டம் கத்த வேண்டும். ஆனால் வெளியே போன பந்து எதிரணிக்கே திரும்பிவிடும். ரசல் முடிந்தவரை மெல்லத் தட்டி உள்ளேயே வைப்பார், தன் ஆள் கையில் போய் விழும்படி. அடுத்த நொடி செல்டிக்ஸ் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இந்த ஆட்டத்தில் இதைவிட அழகான காட்சி கிடையாது.

பந்து ஒருவர் கையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகிறது? தடுப்பவர்கள் ஐந்து பேரின் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தால் போதும், வேலை சுலபம். பாஸ் போனால் ஐந்து பேரும் நகர வேண்டும். மூன்றாவது பாஸில் யாராவது ஒருவர் அரை அடி பிந்துவார். மனிதனின் கால், பந்தின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. இன்னொன்றும் இருக்கிறது, அது ஸ்கோர் தாளில் வராது. பந்தே வராத நான்கு பேர் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, குதிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடுவார்கள். அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். தன்னை நம்பாத இடத்தில் உடம்பு முழு மனதோடு உழைக்காது.

வில்ட்டைச் சுயநலக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த சீசனில் அவ்வளவு எறியச் சொன்னதே அவருடைய கோச்தான். அப்புறம் 1966-67இல் பிலடெல்பியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் அணியில் அலெக்ஸ் ஹானம் என்ற கோச் அவரிடம் குறைவாக எறியச் சொன்னார். ஆட்டத்துக்கு ஏறக்குறைய நாற்பது முறை எறிந்த அதே மனிதர் பதினான்கு முறைக்கு இறங்கிவந்தார். சராசரி 24.1 ஆனது, கூட்டாளி கூடை போட உதவும் பாஸ், அதாவது அசிஸ்ட், ஆட்டத்துக்கு எட்டை நெருங்கியது. அந்த அணி 81 ஆட்டங்களில் 68 வென்றது. செல்டிக்ஸின் தொடர்ச்சியான எட்டுக் கோப்பைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்து அவர்களே சாம்பியன் ஆனார்கள்.

இதோடு கதையை முடித்தால் வசதியாக இருக்கும். ஆனால் அடுத்த வருடத்தையும் சொல்லியாக வேண்டும். 1967-68இல் வில்ட் லீகிலேயே மொத்த அசிஸ்ட்களில் முதலிடம். கிழக்குப் பிரிவு இறுதியில் அவருடைய அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பாஸ்டன் மூன்றையும் வென்று ஏழாவது ஆட்டத்தில் முடித்துவிட்டது. அந்தக் கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் வில்ட் கூடைக்கு முயன்றது இரண்டே முறை. எட்டடி தூரத்தில் தனியாக நிற்கும்போது எறியாமல் பாஸ் கொடுப்பது பெருந்தன்மை ஆகாது. பொறுப்பை இன்னொருவன் தலையில் கட்டுவது அது. ஆகவே தம்பிகளா, நட்சத்திரமாக இருக்காதே என்று நான் சொல்லவில்லை. அதிகம் எறியாதே என்றும் சொல்லவில்லை. உன் கையில் பந்து இருக்கும்போது உன் மற்ற நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்களா என்று மட்டும் பார்.

1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், சிகாகோவுக்கும் யூட்டாவுக்கும் 86-86. சில நொடிகள்தான் பாக்கி. பந்து மைக்கேல் ஜோர்டனிடம் வரும் என்று அரங்கத்துக்கே தெரியும். இரண்டாவது ஆளும் அவரைத் தடுக்க ஓடி வந்தார். ஜோர்டன் பந்தைத் தன் அணியின் ஸ்டீவ் கெருக்கு விட்டார், கெர் போட்டார், கோப்பை சிகாகோவுக்கு. ஒரே சீசனில் சராசரி 37 புள்ளி எடுத்த காலத்தில் ஜோர்டன் கையில் ஒரு கோப்பைகூட இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேற்று "நீயே போடு, யாருக்கும் கொடுக்காதே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குழந்தை அதன் பிறகு தலை நிமிர்ந்து அணியைப் பார்க்கவே இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

சரி, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பது விதி. அந்தப் பழைய விதியில் இப்போது ஒரு ஆட்டம் ஆடுவோம். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் கிடையாது. ஸ்கோர் எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன், யார் பெயரும் தாளில் வராது, அணியின் கணக்கு மட்டும்தான். எழுந்திருங்கள், ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள்.