சிவாலிக் குன்றுகளில் ஒரு முதலைத் தாடை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இன்று உலகில் எங்கும் உயிரோடு இல்லாத ராம்ஃபோசூக்கஸ் என்னும் முதலைப் பேரினத்தைப் பற்றியும், அதன் உறவினர்களாக இன்னும் நம்மோடு வாழும் இரண்டு முதலைகளைப் பற்றியும் இந்த உரையில் பேச விரும்புகிறேன்.

இமயத்தின் தெற்கு அடிவாரத்தை ஒட்டி, பாகிஸ்தானின் போட்வார் மேட்டுநிலத்திலிருந்து இந்தியா, நேபாளம் என்று கிழக்கே நீண்டு செல்லும் குன்றுத்தொடருக்குச் சிவாலிக் என்று பெயர். குன்று என்று சொன்னாலும் அதன் உடம்பு முழுவதும் ஆற்று வண்டல்தான். இமயம் உயர்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து இறங்கிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் கூழாங்கற்களும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, பின்னர் நிலத்தின் அழுத்தத்தால் மடிந்து மேலெழுந்தன. ஆகவே அந்தச் சரிவுகளில் முதலையின் எலும்பு கிடைப்பது வியப்பன்று. இன்று மலையாக இருப்பது அன்று ஆற்றுப்படுகை.

1830களில் இந்த எலும்புகளைத் திரட்டியவர்கள் இருவர். ஒருவர், மருத்துவராகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்கு வந்து, சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக அமர்ந்த ஹ்யூ ஃபால்கனர். மற்றவர், பின்னாளில் கங்கைக் கால்வாயைக் கட்டிப் பெயர் பெற்ற பொறியாளர் ப்ரோபி காட்லி. எலும்பியல் இருவருக்குமே தொழில் அன்று. அருகில் அருங்காட்சியகமோ ஒப்பிட்டுப் பார்க்க நூலகமோ இல்லாத நிலையில், இன்று வாழும் விலங்குகளின் எலும்புகளைத் தாமே தேடிச் சேர்த்து, அவற்றோடு புதைபடிவங்களை ஒப்பிட்டார்கள். இந்தப் பணிக்காக லண்டன் நிலவியல் கழகம் 1837ஆம் ஆண்டிலேயே இருவருக்கும் வொல்லாஸ்டன் பதக்கம் வழங்கியது. அவர்கள் 1840இல் பெயரிட்ட முதலை ஒன்றை, 1886இல் ரிச்சர்ட் லைடெக்கர் தனிப் பேரினமாகப் பிரித்து ராம்ஃபோசூக்கஸ் என்று அழைத்தார்.

கிடைத்தவை பெரும்பாலும் தாடைப் பகுதிகளும் பற்களும். முழு எலும்புக்கூடு இல்லை. ஆனால் அந்தத் தாடையின் பருமனைக் கண்டவர்கள் மலைத்துப்போய், விலங்கின் நீளம் 15 முதல் 18 மீட்டர் வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டுவிட்டார்கள். உலகில் வாழ்ந்த முதலைகளிலேயே பெரியது என்ற பட்டமும் பல காலம் இதற்கே இருந்தது. அந்தக் கணக்கை ஜேசன் ஹெட் என்னும் ஆய்வாளர் 2001இல் மறுபடி போட்டுப் பார்த்தபோது நீளம் 8 முதல் 11 மீட்டருக்குள் அடங்கியது. பட்டம் போனதில் வருந்த ஒன்றுமில்லை என்பேன். 2011இல் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட லோலோங் என்ற உவர்நீர் முதலை 6.17 மீட்டர் இருந்தது. முறையாக அளக்கப்பட்டு உயிரோடு காப்பிடத்தில் இருந்த முதலைகளில் அதுவே மிகப் பெரியது. அதையும் விஞ்சிய ஒன்று சிவாலிக் ஆறுகளில் நீந்தியது என்பதே போதும்.

கணக்கு ஏன் இவ்வளவு மாறுகிறது? முதலையின் தலை நீளத்திற்கும் உடல் நீளத்திற்கும் உள்ள விகிதம் இனத்துக்கு இனம் வேறுபடும். தாடை மட்டும் கையில் இருக்கும்போது, மீதி உடலை எந்த உறவினரின் அளவைக் கொண்டு நிரப்புவது என்பதே கேள்வி. ஆக, அளவைச் சொல்வதற்கு முன் உறவைச் சொல்லியாக வேண்டும். அந்த உறவுதான் நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது.

நீண்டு ஒடுங்கிய மூக்குடைய முதலைகள் இன்று இரண்டு முக்கியமானவை. ஒன்று, வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வாழும் கரியால். நூற்றுக்கு மேற்பட்ட ஊசிப்பற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்க, தலையைப் பக்கவாட்டில் வீசி மீனைக் கவ்வும். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் கவிழ்த்த பானையைப் போல ஒரு புடைப்பு இருக்கும். முதிர்ந்த கரியாலால் கால்களை ஊன்றி உடலைத் தூக்கி நடக்க முடியாது. கரையில் வயிறு தேய நகரும். மற்றது மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கரி மண் சதுப்புக் காடுகளில் வாழும் டொமிஸ்டோமா. இதற்கு அந்தப் புடைப்பு இல்லை. மீனோடு குரங்கு முதலியவற்றையும் பிடிக்கும். கரியால் ஆற்று மணலில் குழி தோண்டி முட்டையிடும். டொமிஸ்டோமா இலைதழைகளைக் குவித்து மேடாக்கி அதற்குள் இடும்.

எலும்பை ஆராய்ந்தவர்கள் கரியாலை மற்ற எல்லா முதலைகளிலிருந்தும் நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்த தனிக் கிளை என்றும், டொமிஸ்டோமாவைச் சாதாரண முதலைகளின் உறவு என்றும் சொன்னார்கள். மூக்கு ஒத்திருப்பது மீன் பிடிக்கும் பழக்கத்தால் தனித்தனியே வந்த ஒற்றுமை என்பது அவர்கள் கட்சி. 1980களில் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டவர்கள் இரண்டும் நெருங்கிய சொந்தம் என்றார்கள். பின்னர் வந்த மரபணு ஆய்வுகளும் அதையே திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தின. எலும்புத் தரப்பு எளிதில் இறங்கிவரவில்லை.

இரு தரப்புக்கும் இடையிலான அந்த இடைவெளியை நிரப்பும் சான்று தென் சீனாவிலிருந்து வந்தது. குவாங்டொங் பகுதியில் கிடைத்த ஹன்யுசூக்கஸ் என்ற முதலையை 2022இல் விவரித்தபோது, அதன் மண்டையோட்டில் கரியாலின் கூறுகளும் டொமிஸ்டோமாவின் கூறுகளும் கலந்து இருந்தன. இது மூவாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்புகூட வாழ்ந்திருக்கிறது. எலும்புகளில் வெட்டுக் காயங்கள் உள்ளன. கழுத்து எலும்பும் வெட்டுப்பட்டிருப்பதால் வெண்கலக் கால மனிதர்கள் அதைக் கொன்று தலையைத் துண்டித்தார்கள் என்று தெரிகிறது.

டொமிஸ்டோமாவின் உறவாக முன்பே வைக்கப்பட்டிருந்த ராம்ஃபோசூக்கஸ், இந்த இணைப்பால் கரியாலுக்கும் சொந்தமாகிறது. ஆனால் அதன் பற்கள் கரியாலின் ஊசிப்பற்கள் அல்ல, தடித்தவை. மீனை மட்டும் நம்பியிராமல், நீருக்கு வந்த பிற விலங்குகளையும் அது பிடித்திருக்கும் என்று கருத அதுவே இடம் தருகிறது.

உயிரோடுள்ள உறவினர் நிலை நன்றாக இல்லை. கரியாலைக் காக்க இந்திய அரசு 1975இல் தொடங்கிய திட்டத்தில், ஆற்றங்கரை மணலிலிருந்து முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைச் சுமார் 1.2 மீட்டர் நீளம் வரை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். ஆயிரக்கணக்கில் விட்டும், 1997இல் 436 என மதிப்பிடப்பட்ட முதிர்ந்த கரியால்கள் 2006இல் 182 ஆகக் குறைந்தன. அணைகள் நீரைத் தடுக்கின்றன, முட்டையிடும் மணலை லாரிகள் அள்ளுகின்றன, மீன்வலைகளில் சிக்கி மூச்சடைத்துச் சாகின்றன. இவை போதாதென்று 2007–08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை சிறுநீரகம் செயலிழந்து இறந்து மிதந்தன. சம்பல்தான் இன்றும் அவற்றின் மிகப் பெரிய வாழிடம். டொமிஸ்டோமாவின் சதுப்புக் காடுகளோ, செம்பனைத் தோட்டங்களுக்காக வடிக்கப்பட்டும் தீயில் எரிந்தும் சுருங்கி வருகின்றன.

சம்பல் வரை செல்ல இயலாத நேயர்கள், சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையில் கரியாலைக் காணலாம். அது வாயைத் திறந்து வெயில் காயும் நேரமாகப் பார்த்துச் சென்றால், பற்கள் வரிசையாக நிற்கும் ஒழுங்கைத் தெளிவாகப் பார்க்கலாம். அங்கே மற்ற முதலைகளும் இருப்பதால், அவற்றின் அகன்ற தாடைகளோடு அப்போதே ஒப்பிட்டும் கொள்ளலாம். வணக்கம்.