டீஇனிட் ஏன் ஓடவில்லை?

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு டைமரை வைத்து மெமரியைப் பற்றிப் பேசலாம். திரையைப் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் எழுதிய சின்ன ஐஓஎஸ் ஆப். இரண்டாவது ஸ்கிரீனுக்குள் போகிறேன், நொடிக்கு ஒரு முறை எண் கூடுகிறது. பேக் அழுத்தி வெளியே வந்துவிட்டேன். கீழே கன்சோலில் எண் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, பார்த்தீர்களா? ஸ்கிரீன் கண்ணிலிருந்து மறைந்ததே தவிர, மெமரியை விட்டுப் போகவில்லை. மறுபடி உள்ளே போய் வந்தால் இரண்டு டைமர் ஓடும்.

டீஇனிட்டில், அதாவது ஸ்கிரீன் மெமரியிலிருந்து அழியும்போது ஓடும் கோடில், டைமரை இன்வேலிடேட் செய்துதான், அதாவது நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் டீஇனிட்டே ஓடவில்லை. இந்த இடத்தில் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

நம் ஸ்கிரீன் ஒரு ஆப்ஜெக்ட். அந்த ஆப்ஜெக்ட் மெமரியில் எங்கோ இருக்கிறது. நம் வேரியபிளில் இருப்பது அதன் முகவரி மட்டும். அதை ஸ்ட்ராங்காக, அதாவது அழிய விடாமல், எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு ஓடும். அது பூஜ்யமானால்தான் ஆப்ஜெக்ட் அழியும். 2011இல் ஏஆர்சி, அதாவது இந்தக் கணக்கைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி, வரும்வரை ரீட்டெய்ன், ரிலீஸ் என்று இந்தக் கணக்கை நாமே கையால் எழுத வேண்டியிருந்தது. இப்போது கம்பைலர் எழுதிவிடுகிறது. ஆனால் யார் யாரைப் பிடிக்கலாம் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இங்கே ரன் லூப், அதாவது ஆப்பில் டைமர்களை நேரத்துக்கு ஓட்டும் சுழற்சி, டைமரைப் பிடித்திருக்கிறது. டைமர், டார்கெட்டாகக் கொடுத்த செல்ஃபை, அதாவது நம் ஸ்கிரீனைப் பிடித்திருக்கிறது. டைமர் நின்றால்தான் ஸ்கிரீன் அழியும். ஸ்கிரீன் அழிந்தால்தான் டைமர் நிற்கும். டைமர் வேரியபிளை வீக், அதாவது கணக்கில் சேராத பிடி ஆக்கியும் பார்த்தேன், பயனில்லை. பிடி நம்மிடம் இல்லையே, ரன் லூப்பிடம் அல்லவா இருக்கிறது!

சரி, மாற்றுவோம். டார்கெட்டை எடுத்துவிட்டு, ஐஓஎஸ் 10இல் வந்த பிளாக் வடிவம். இதில் டைமருக்கு ஒரு குளோஷரை, அதாவது பிறகு ஓட வேண்டிய கோடுத் துண்டைக் கொடுக்கிறோம். குளோஷரின் தொடக்கத்தில் வீக் செல்ஃப். ஸ்கிரீன் அழிந்ததும் செல்ஃப் நில் (nil), அதாவது வெறுமை ஆகிவிடும். கணக்கில் சேராத இன்னொரு பிடியான அன்ஓன்ட் போட்டால், அழிந்த ஆப்ஜெக்ட்டைத் தொட்டதும் கிராஷ். அதனால் இங்கே நான் வீக் பக்கம்தான். ரன் செய்கிறேன். உள்ளே... பேக்... வந்துவிட்டது, டீஇனிட் பிரின்ட்! எண்ணும் நின்றுவிட்டது.

அப்புறம், எல்லாக் குளோஷரிலும் வீக் செல்ஃப் போடாதீர்கள். பட்டியலை மாற்றவும் வடிகட்டவும் உதவும் மேப், ஃபில்டர் போன்றவை வேலை முடிந்ததும் குளோஷரை விட்டுவிடும்.

உங்கள் ஆப்பில் ஒவ்வொரு ஸ்கிரீனின் டீஇனிட்டிலும் ஒரு பிரின்ட் போட்டுப் பாருங்கள். எந்த ஸ்கிரீனில் அது வரவில்லையோ, அங்கே, ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோடின் மெமரி கிராஃப் பட்டனை அழுத்துங்கள். பிடித்திருப்பது யார் என்று அம்புக்குறி போட்டே காட்டும்.